மயிர் நடும் வைத்தியரைத் தேர்ந்தெடுத்தல்

தலைமயிரைப் பற்றி எழுதுவதற்கும் ஒரு வாரப் பத்திரிகையில் இடம் வேண்டுமா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். உலகத்தில் பசியும் பிணியும் கடனும் இருக்க, வழுக்கைக்கு ஒரு வியாசமா என்று கேட்பவர்க்கு நாம் பணிவுடன் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு. பசியைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை. பிணியைக் கண்டும் சிரிப்பதில்லை. வழுக்கையைக் கண்டால் மட்டும் பெரியவர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை சிரிக்கிறார்கள். சிரித்தவர் அடுத்த கணமே மறந்துவிடுகிறார். சிரிக்கப்பட்டவனோ ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் நின்று அச்சிரிப்பைத் திரும்பக் கேட்கிறான். வெளியே சொல்லக் கூசும் துன்பம் எதுவோ, அதை வைத்துத்தான் வியாபாரி பெரும்பணம் பண்ணுகிறான். ஆகவே இதைப்பற்றி வெளிப்படையாகப் பேசுவது அவசியமென்று கருதுகிறோம்.

நமது சகோதரியின் குமாரன் ஒருவன் இருக்கிறான். ஜாசினை அடுத்த ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இப்பொழுது ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பகுதியில் வேலை பார்க்கிறான். வயது இருபத்தைந்து. நெற்றியின் இரு மூலைகளிலும் மயிர் பின்வாங்கி, உச்சியிலும் சிறிது மெலிந்திருக்கிறது. அவன் தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் நாற்பது வயதிற்குள் பக்கங்களிலும் பிடரியிலும் தவிர வேறெங்கும் மயிரில்லை. சென்ற ஆண்டில் பெண் பார்க்கப் போன ஓரிடத்தில், "மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே இருபத்தைந்துதானா?" என்று யாரோ ஒரு பாட்டியார் கேட்டுவிட்டார். கேட்டது வேடிக்கைக்காகவே இருக்கலாம். அன்று முதல் அப்பிள்ளை தொப்பியின்றி வெளியே போவதில்லை.

சில மாதங்களுக்கு முன் அவன் நம்மிடம் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து நீட்டினான். "ஒரே நாளில் 5,000 வேர்கள்! அடர்த்தியான இயற்கை மயிர்! வாழ்நாள் உத்தரவாதம்!" என்று அதில் கண்டிருந்தது. கட்டணம் பதினைந்தாயிரம் ரிங்கிட். அப்பணம் அவனிடம் இல்லை, தாயிடம் இருந்தது. முப்பது வருஷம் விடியுமுன் எழுந்து நெற்றி விளக்கோடு மரம் சீவியவளின் சேமநிதிப் பணம் அது. "மாமா, நீங்களும் கூட வந்து எந்த டாக்டர் நல்லவர் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். இத்தகைய காரியத்தில் நமக்குத் தனித் தேர்ச்சி ஒன்றுமில்லை. எனினும் பிள்ளையின் தலையும் தாயின் பணமும் சேர்ந்து பணயத்தில் இருக்கும்பொழுது, படித்தறிந்து கேட்டுத் தெளிவது நமது கடமையென்று உடன்பட்டோம்.

முதலில் இச்சிகிச்சை யாது என்பதைத் தெரிந்துகொள்ள முயன்றோம். ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில், நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் ஆண்மைச் சுரப்பின் வினையால் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி மெலிகின்றன. பிடரியிலும் காதோரத்திலும் உள்ளவை பெரும்பாலும் அவ்வாறு மெலிவதில்லை. அவ்விடத்து மயிர்க்காலை எடுத்து வழுக்கையான இடத்தில் நட்டால், அது தான் பிறந்த இடத்தின் குணத்தையே காட்டி வளர்கிறது. ஜப்பானில் ஒக்குடா என்னும் தோல் வைத்தியர், மயிருள்ள தோலைச் சிறு வட்டங்களாக எடுத்துத் தழும்பேறிய இடங்களில் நடும் முறையை 1939ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். அடுத்து வந்த யுத்தத்தில் அவ்வேலை மேனாட்டார் கண்ணில் படாமற் போயிற்று. நியூயார்க் நகரத்து ஓரன்ட்ரைக் என்பவர் 1952இல் வழுக்கைக்கு இதைச் செய்து, 1959இல் அதன் தத்துவத்தை விளக்கினார். அக்காலத்து நடவு பெரிய பெரிய குத்துகளாக இருந்தபடியால் தலை பொம்மைத் தலைபோல் தோன்றியது. பிற்பாடு, 1990களில், இயற்கையாகவே ஒன்று முதல் நான்கு மயிர்கள் சேர்ந்து முளைக்கும் தொகுதிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ப் பிரித்து நடும் முறை பரவிற்று. அத்தொகுதியைத்தான் விளம்பரக்காரர் "வேர்" என்கிறார்கள். நாமும் இங்கே அவ்வாறே வழங்குவோம்.

இவ்வளவையும் படித்தபொழுது நமக்குப் புலப்பட்ட உண்மை ஒன்று. இச்சிகிச்சை ஒரு மயிரையும் புதிதாக உண்டாக்குவதில்லை. இருப்பதை ஓரிடத்திலிருந்து பிடுங்கி மற்றோரிடத்தில் வைக்கிறது. பிடுங்கிய இடத்தில் திரும்ப முளைப்பதுமில்லை.

மலாக்காவில் பிறந்த தமிழனுக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. இந்நாட்டில் ரப்பரை வியாபாரப் பயிராக முதன்முதல் நட்டது நம் மலாக்காவில்தான். புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டில் தான் சே யான் நட்டார். நிலம் இருக்கிறதென்று அடர்த்தியாக நட்டுவிட்டால், மரங்கள் ஒன்றன் உணவை ஒன்று பறித்து, நெட்டையாக ஓங்கிப் பருக்காமல் நிற்கும் என்பதை நம் பாட்டன்மார் கையால் அறிந்திருந்தார்கள். ஏக்கருக்கு 150, 200 மரம் என்று கணக்கு வந்தது அதனாலேதான். பட்டையின் கதையும் அவர்கள் அறிந்ததே. நாளுக்கு எவ்வளவு சீவலாம், எத்தனை வருஷத்துக்கு எந்தப் பக்கம் என்று திட்டமிட்டுச் சீவினால் மரம் நெடுங்காலம் பால் கொடுக்கும். பேராசைப்பட்டு ஆழமாகச் சீவினால் மரத்தில் காயம் பட்டு முடிச்சு முடிச்சாகிவிடும். பிடரி மயிரும் அத்தகைய பட்டையே. ஆனால் சீவிய பட்டை சில வருஷத்தில் புதுப்பட்டையாக வளரும். எடுத்த மயிர்க்கால் ஒருகாலும் வளராது. அவ்வளவு அருமையான முதலை, "ஒரே நாளில் 5,000" என்று கூவுகிறவனிடம் ஒப்படைக்கலாமா?

இனி அடர்த்தியைப் பற்றிய கணக்கைச் சற்றுப் பார்ப்போம். வழுக்கை விழாத தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 65 முதல் 100 வேர்கள் இருக்கும். அவற்றில் சரிபாதி போகும் வரையில் மெலிவு பிறர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகையால் 35, 40 என்ற அளவில் ஒழுங்காக நட்டாலே பார்வைக்கு நிறைந்து தோன்றும். 50க்கு மேல் நடுவதை மிகு அடர்த்தி நடவு என்பார்கள். தேர்ந்த கைகள் சிறு பரப்பில் அதைச் செய்வதுண்டு. ஆயினும் ஒவ்வொரு வேருக்கும் தோலில் ஒரு துளை வேண்டும். துளை மிகமிக அவ்விடத்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுபடும். நட்டவை பிடிக்காமற் போகும். சில வேளை தோலே கருகி அழுகுவதுமுண்டு. அன்றியும், ஒருவன் பிடரியிலிருந்து ஆயுள் முழுதும் கெடுதியின்றி எடுக்கக்கூடியது பெரும்பாலும் 6,000 வேர் அளவிலேயே நிற்கிறது. சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். முழு வழுக்கையின் பரப்போ 200 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாது. அதில் சென்டிமீட்டருக்கு 50 வீதம் நட 10,000 வேர் வேண்டும். ஆறாயிரத்தை வைத்துக்கொண்டு பதினாயிரத்தைக் கொடுக்க எந்த வைத்தியரால் ஆகும்? இந்தச் சிறு பெருக்கற் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவன் பாதி விளம்பரங்களுக்கு அப்பொழுதே விடை கொடுத்துவிடுவான்.

நிற்க, நாம் பார்த்து வந்த மூன்று இடங்களைப் பற்றிச் சொல்வோம். அவற்றின் பெயர்கள் இங்கு வேண்டா.

முதலாவது, விளம்பரத் தாளை அச்சிட்ட நிலையம். கண்ணாடிக் கதவு, குளிர்ச்சாதனம், வாசனைத் தண்ணீர் எல்லாம் இருந்தன. டாக்டரை மட்டும் காணோம். வெள்ளைச் சட்டை அணிந்த ஒரு பெண்மணி தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு, நம் பிள்ளையின் நெற்றியில் பென்சிலால் கோடு கிழித்தார். கோடு புருவத்தை நெருங்கிப் பள்ளிச் சிறுவனுக்கு இருப்பதுபோல் இறங்கியிருந்தது. அவன் முகம் மலர்ந்தது. "சத்திர சிகிச்சை செய்வது யார்?" என்று கேட்டோம். "எங்கள் குழு" என்றார். "குழுவில் டாக்டர் யார்?" என்றோம். "அன்றைக்கு வருகிறவர்" என்றார். தகப்பனாரின் தலையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பிடரியைத் தொட்டுப் பார்க்கவுமில்லை. அன்றே முன்பணம் கட்டினால் மூவாயிரம் ரிங்கிட் தள்ளுபடி என்று சொல்வதற்கு மட்டும் மறக்கவில்லை.

இரண்டாவது, கோலாலம்பூரில் ஒரு டாக்டரின் இடம். இவர் மெய்யான டாக்டர். சான்றுகளும் சுவரில் இருந்தன. மரியாதையாகவும் பேசினார். ஆயின் ஒரே நாளில் மூன்று பேருக்கு நடவு நடக்கிறதென்றும், வேரை எடுப்பதும் நடுவதும் பெரும்பாலும் உதவியாளர்களே என்றும் கேட்கக் கேட்கத் தெரிந்தது. காட்டிய படங்களில், முன்னைய படம் ஈரத் தலையுடன் விளக்கின் நேர்க் கீழும், பின்னைய படம் உலர்ந்து வாரிய தலையுடன் பக்க வெளிச்சத்திலும் எடுக்கப்பட்டிருந்தன. நாம் அங்கிருந்தது ஏழு நிமிஷம். ஏழு நிமிஷத்தில் ஒரு தலையின் முப்பது வருஷத்து வருங்காலத்தை அளந்துவிட முடியுமா?

மூன்றாவது இடத்தில் நாற்காலிகள் பழையவை. தோல் வைத்தியத்தில் உயர்பட்டமும், மயிர் நடுதலில் நெடுநாட் பழக்கமும் உள்ள டாக்டர் ஒருவர், முக்கால் மணி நேரம் நம் பிள்ளையோடு பேசினார். தகப்பனார், பாட்டனார், தாய்மாமன்மார் தலைகளைப் பற்றிக் கேட்டார். பிடரியில் கண்ணாடி வைத்து எண்ணினார். உச்சியிலுள்ள மயிர்களில் எத்தனை ஏற்கெனவே மெலியத் தொடங்கிவிட்டன என்று காட்டினார். முடிவில், "தம்பி, இப்பொழுது நான் உனக்கு நடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அவர் காரணத்தையும் சொன்னார். "உன் வழுக்கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ கேட்கிற இடத்தில் கேட்கிற அடர்த்தியில் இன்றைக்கு நட்டுவிட்டால் இரண்டு வருஷம் அழகாக இருப்பாய். பத்து வருஷத்தில் பின்னால் உள்ள உன் சொந்த மயிர் போய்விடும். அப்பொழுது முன்னால் வேலியும் பின்னால் பொட்டலுமாக இருக்கும். அதை நிரப்பப் பிடரியில் நாற்று இருக்காது. முதலில் மருந்தால் ஓட்டத்தை நிறுத்த முடியுமா என்று ஒரு வருஷம் பார்ப்போம். பிறகு வேண்டுமானால், உயர்ந்த கோட்டில், அளவாக நடலாம்." அம்மருந்துகளின் பெயர் மினாக்சிடில், பினாஸ்டெரைடு என்பன. வழுக்கைக்கென்று முன்னது 1988இலும் பின்னது 1997இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. சிலருக்கு அவற்றால் உபாதைகளும் உண்டாகும் என்பதை விளக்கி, என்ன கண்டால் நிறுத்த வேண்டுமென்பதையும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நம் பிள்ளை மனமுடைந்து, "பணத்தைக் கொடுக்க வந்தவனை வேண்டாமென்று அனுப்புகிறாரே, மாமா!" என்றான். "அதனாலேதான் அவரை நம்பலாம், அப்பா" என்று சொன்னோம். நாம் இவ்வியாசத்தில் சொல்ல வந்ததும் அவ்வளவே. ஒரு வைத்தியர் எதையெதைச் செய்வேன் என்கிறார் என்பதைக் கேட்டு அவரை மதிப்பிட முடியாது. அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்களே. எதைச் செய்யமாட்டேன் என்கிறார், எவரைத் திருப்பி அனுப்புகிறார் என்பதைக் கேட்டால் அவர் தரம் விளங்கிவிடும்.

உயிருக்கே ஆபத்து வருமா என்று சிலர் கேட்பார்கள். இச்சிகிச்சையை ஒழுங்காகச் செய்தால் அத்தகைய ஆபத்து மிகவும் அரிது. ஒழுங்கு தவறிய இடங்களில் நேர்ந்ததை மறைக்கவும் கூடாது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னை நுங்கம்பாக்கத்தில் ஓரிடத்தில் மயிர் நடவு செய்துகொண்ட மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் இரண்டொரு நாளில் உயிரிழந்தார். மயக்க மருந்து டாக்டர் நடுவிலேயே போய்விட்டாரென்றும், அவ்விடத்துக்கு அழகு நிலையம் நடத்தும் உரிமமே இருந்ததென்றும் பத்திரிகைகள் எழுதின. 2019 மார்ச்சு மாதத்தில் பம்பாயில் ஒரு வியாபாரி, ஒரே அமர்வில் 9,500 வேர்கள் நடப்பட்டு, அடுத்து மூச்சுத் திணறி மாண்டார் என்ற செய்தியும் வந்தது. வைத்தியம் படிக்கும் மாணவரே இடத்தை ஆராயாமல் போனாரென்றால், தோட்டத்துப் பிள்ளை என்ன செய்வான்? தோலை மரக்கச் செய்யும் மருந்துக்கு உடம்பின் எடைக்குத் தக்க வரம்பு உண்டு. நேரம் நீள நீள, வேர் மிக மிக, மருந்தும் மிகும். ஆகவே எண்ணிக்கைப் பேராசை மயிரோடு நில்லாமல் இருதயத்தையும் தொடுகிறது.

இவற்றையெல்லாம் கண்டு, இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் ஒரு நெறிமுறை வெளியிட்டது. முறையான சத்திரப் பயிற்சி உள்ளவரே இதைச் செய்யலாம். பட்டறைகளில் பார்த்தோ யூடியூப் படங்களைப் பார்த்தோ கற்பது பயிற்சியாகாது என்று அதில் கண்டிருக்கிறது. நம் மலேசியாவில், 1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டப்படி டாக்டர் ஒவ்வொருவரும் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, ஆண்டுதோறும் தொழிற்சான்று பெற வேண்டும். 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார நிலையச் சட்டப்படி கிளினிக்கும் பதிவு பெற வேண்டும். டாக்டர் பெயர் பதிவில் உண்டா என்பதை மன்றத்தின் இணையப் பதிவேட்டில் எவரும் ஒரு காசு செலவின்றிப் பார்த்துக்கொள்ளலாம். மயிர் நடும் வைத்தியர்களின் சர்வதேசச் சங்கம் ஒன்றும் 1993 முதல் இருந்து வருகிறது. டாக்டரல்லாதார் கத்தி பிடிக்கும் கள்ளக் கடைகளைப் பற்றி அது உலகத்தாரை எச்சரிக்கிறது. மலிவென்று கேள்விப்பட்டு இஸ்தான்புல்லுக்கு விமானம் ஏறுவோர் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே நல்லவர்களும் உண்டு. ஆனால் புண் பழுத்தால் அதைப் பார்க்க அவர்கள் மலாக்காவுக்கு வரமாட்டார்கள்.

ஆகவே இக்காரியத்தில் இறங்குவோர் சில கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நலம். துளையிடுவது யார், வேர் எடுப்பது யார், நடுவது யார்? அந்நாளில் டாக்டர் வேறு யாருக்கேனும் செய்கிறாரா? என் பிடரியில் மொத்தம் எத்தனை இருக்கிறது, இன்று எத்தனை எடுப்பீர், பிற்காலத்துக்கு எத்தனை மிஞ்சும்? சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை, ஏன் அத்தனை? ஐம்பது வயதில் என் தலை எப்படி இருக்கும்? அவசரம் நேர்ந்தால் உயிர் காக்கும் மருந்தும் கருவியும் அவற்றைக் கையாளத் தெரிந்தவரும் அங்கேயே உண்டா? ஒரு வருஷம் கழிந்த, ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்கள் உண்டா? நட்ட மயிர் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதம் கழித்தே முளைத்து, முழுப்பலன் தெரிய ஒரு வருஷத்துக்குமேல் ஆவதால், மூன்று மாதப் படம் ஒன்றையும் நிரூபிக்காது. இக்கேள்விகளுக்குச் சினக்கிறவரிடமும், சிரித்து மழுப்புகிறவரிடமும் தலையைக் கொடுக்கலாகாது. "இன்றே கட்டு" என்று சொல்கிறவரிடம் ஒரு காசும் கொடுக்கலாகாது.

மயிர் நடுவதே வீண் ஆடம்பரம் என்று உபதேசிக்க நாம் வரவில்லை. தீப்பட்டுத் தலை தழும்பேறியவளுக்கும், சிறு வயதிலேயே வழுக்கை விழுந்தவனுக்கும் இக்கலை மெய்யாகவே ஆறுதல் தருகிறது. தன் சம்பாத்தியத்தில், தன் வயதறிந்து, நல்ல கையில் செய்துகொள்பவனை எவரும் பழிக்க நியாயமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். தைப்பூசத்தன்று ஆயிரக்கணக்கானோர் மனமுவந்து மொட்டையடித்துக்கொண்டு வருவதைக் கண்டு சிரிக்காத நாம், இயற்கை ஒருவன் தலையை மழித்தால் மட்டும் ஏன் சிரிக்கிறோம்? பெண் பார்க்கும் வீட்டில் பிள்ளையின் குணத்தையும் உழைப்பையும் விசாரிக்கு முன் நெற்றியை அளக்கிறோமே, அந்த அளவுகோல்தான் பாதி வாலிபர்களைக் கள்ளக் கடைகளின் வாசலுக்குத் துரத்துகிறது. தாய்மார் சேமநிதியைக் கரைப்பதில் விளம்பரக்காரனுக்கு மட்டுமே பங்கு என்று எண்ணிவிட வேண்டா. நம் நாவுக்கும் அதில் பங்குண்டு.

நம் பிள்ளை இப்பொழுது மருந்து எடுத்து வருகிறான். ஆறு மாதத்தில் உதிர்வது குறைந்திருக்கிறது, போனது திரும்பவில்லை. வருஷ முடிவில் அந்த டாக்டர் நடலாம் என்பாரோ, இன்னும் பொறு என்பாரோ, அது அவனும் அவரும் தீர்மானிக்க வேண்டியது. தாயின் பணம் சேமநிதியிலேயே இருக்கிறது. பிடரியில் எண்ணப்பட்ட வேர்கள் ஒன்றும் குறையாமல் இருக்கின்றன. இரண்டும் திரும்ப ஈட்ட அரியவை.

தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள வாலிப அன்பர்களே! கத்தியைக் கூர்மைப்படுத்தி வைத்திருப்பவர்கள் பலர். கணக்குப் பார்த்து, "இது உனக்கு இப்பொழுது ஆகாது" என்று சொல்லி, தம் கட்டணத்தை இழக்கத் துணிகிறவர் சிலர். அச்சிலரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். காணும் வரையில் பொறுத்திருங்கள். பொறுத்ததால் கெடுவது ஒன்றுமில்லை.